வேளாங்கண்ணிக் கடைத்தெரு ஜெபமாலைகள்: மணியைவிடக் கண்ணியைப் பாருங்கள்

வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் ஜெபமாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை அங்கே நின்று நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நடக்காத காரியம். கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், எது பளபளக்கிறதோ அதைக் கை எடுத்துவிடும். அப்படி வாங்கியவைதான் அக்டோபர் மாத ஜெபமாலை முடிவதற்குள் இரண்டு துண்டாகி மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. திருவிழா இல்லாத ஒரு வாரநாளில், காலைப் பூசை முடிந்து கடைகள் திறக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

முதலில் எண்ணுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முழு மாலைக்கு 59 மணி: மரியாவை வாழ்த்தும் அருள் நிறை மந்திரத்துக்குச் சிறியவை 53, இயேசு கற்பித்த பரலோக மந்திரத்துக்குப் பெரியவை 6. பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு தொங்கும் சிலுவையை, அடுத்து ஒரு பெரிய மணி, மூன்று சிறியவை, மறுபடி ஒரு பெரியது, பிறகு பதக்கம். அங்கிருந்து பத்துச் சிறிய மணிகள் கொண்ட வரிசைகள் ஐந்து, இவற்றைத்தான் பத்துகள் என்பார்கள், அவற்றுக்கு இடையில் நான்கு பெரிய மணிகள். அவசரத்தில் கோத்த மாலையில் ஏதாவது ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ இருக்கும். கடையில் அது கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் குடும்ப ஜெபத்தில்தான் தெரியும்: மற்றவர்கள் பத்தாவதைச் சொல்லிக்கொண்டிருக்க உங்கள் விரல் பெரிய மணியில் நிற்கும், மனம் தியானித்துக்கொண்டிருந்த கானா ஊர்த் திருமணக் காட்சியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். எண்ணுகிற வேலையை விரலிடம் விட்டுவிட்டு மனத்தை நற்செய்திக் காட்சியில் வைக்கத்தானே மணி? அந்த ஒரு வேலையைச் செய்யாத மாலை வெள்ளியில் செய்திருந்தாலும் வீண்தான்.

அடுத்தது கண்ணி. கம்பியில் கட்டிய மாலையில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கம்பி நுழைந்து, இரண்டு முனையிலும் வளைந்து கண்ணியாக நிற்கும். விலை குறைந்தவற்றில் அந்த முனையை வெறுமனே வளைத்து விட்டிருப்பார்கள். நல்லவற்றில் வளைத்த முனையைக் கம்பியின் மேலேயே இரண்டு மூன்று சுற்று முறுக்கியிருப்பார்கள். முறுக்கிய கண்ணி திறக்காது. வெறும் வளைவு என்றால் ஒரு தையல் நூலைக் கண்ணிக்குள் விட்டு வட்டமாக இழுத்துப் பாருங்கள். நூல் எங்காவது மாட்டினாலோ வெளியே நழுவினாலோ அங்கே இடைவெளி இருக்கிறது, மாலை அங்கேதான் அறும். குறிப்பாகப் பதக்கத்தின் மூன்று ஓட்டைகளையும் சுரூபத்தின் தலை வளையத்தையும் பாருங்கள். இழுவிசை முழுவதும் அந்த நாலு இடத்தில்தான் விழுகிறது.

அறுந்துவிட்டாலும் பெரிய வேலையில்லை. வளையம் திறந்திருந்தால் மூக்குக் குறடு இரண்டை எடுத்து, பிளவின் இரு பக்கமும் பிடித்து, ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருப்புங்கள். மாட்ட வேண்டியதை மாட்டிவிட்டு அதே வழியில் திருப்பி மூடுங்கள். பக்கவாட்டில் அகட்டி இழுத்தால் வட்டம் கெட்டுவிடும், எத்தனை தடவை அழுத்தினாலும் முனைகள் பிறகு நேராகச் சேராது. வீட்டில் பழுது பார்க்கும் பலரும் சறுக்குவது இதில்தான்.

இனி மணிகள். தினமும் சொல்கிறவர்களுக்கு மரமணிதான் என் தேர்வு. கைவேர்வை பட்டுப் பட்டு வழவழப்பாகும், கீழே விழுந்தாலும் உடையாது, குளிர்காலத்தில் சில்லிடாது. சாயம் போட்ட மரம் என்றால் விரலை நனைத்து ஒரு மணியை அழுத்தித் தேயுங்கள். விரலில் நிறம் ஏறினால் வெள்ளைச் சட்டைப் பையிலும் ஏறும். சந்தனம் என்று மலிவாகத் தருவதை நம்ப வேண்டாம். வேறு மரத்தில் வாசனை எண்ணெய் தடவியதாக இருக்கும், கொஞ்ச நாளில் மணம் போய் வெளிறிய மரம் மட்டும் மிஞ்சும். மரமணியைக் கழுவாதீர்கள், எண்ணெயும் பூசாதீர்கள். எண்ணெய் சிக்கடித்து அழுக்கைப் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கண்ணாடி மணிக்குக் கனமும் அழகும் உண்டு, மொசைக் தரையில் விழுந்தால் தெறிக்கும். நூலில் கோத்த கண்ணாடி மாலையை நான் பரிந்துரைக்கமாட்டேன்: ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். முத்து என்று விற்பதில் பெரும்பாலானவை முலாம் பூசிய பிளாஸ்டிக், விரல் படும் இடத்தில் தோல் உரியும். இருட்டில் ஒளிரும் மாலையைச் சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. விளக்கு வெளிச்சத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டால், இரவில் தூக்கம் வராத நோயாளிக்குத் தலையணை அருகே கை நீட்டியதும் கிடைக்கும். ரப்பர் நூலில் கோத்த கைவளை மாலை இழுபட்டு இழுபட்டுத் தொய்ந்துவிடும். காரின் கண்ணாடியில் தொங்கவிட்டால் வெயில் இன்னும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம்: சிவப்பில் கருப்புக் கண் வைத்த குன்றிமணி மாலை. அந்தச் செடியின் அறிவியல் பெயரான ஆப்ரஸ் பிரிகடோரியஸ் என்பதிலேயே ஜெபம் என்ற சொல் இருக்கிறது, அந்த அளவுக்கு அது ஜெபமாலைக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் விதைக்குள் இருப்பது கடும் விஷம். கெட்டித்தோல் காக்கிறது என்பார்கள். கோப்பதற்காகத் துளை போட்டபின் அந்தத் தோல் ஏது? கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது நுழையக்கூடாது.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான கைகளுக்கு 8 மில்லிமீட்டர் மணி சரியாக வரும். 6 மில்லிமீட்டர் பைக்கு அடக்கம், ஆனால் விரல் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்கு வழுக்கும், சொல்லும் வேகமும் தானாகக் கூடிவிடும். விரல் மரத்துப்போன வயதானவர்களுக்கு 10 மில்லிமீட்டர் கொடுங்கள். ஐந்து பத்துகளை நிதானமாகச் சொல்ல 15 முதல் 20 நிமிடம் ஆகும். பத்தே நிமிடத்தில் முடிகிறது என்றால் வாய்தான் ஜெபித்திருக்கிறது. தியானம் இல்லாத ஜெபமாலை ஆன்மா இல்லாத உடல் என்ற பொருளில் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதியது இதைத்தான்.

மாலையோடு இலவசமாகத் தரும் சிறு புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிதான் மறையுண்மை. மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று இருந்த மூன்று தொகுதிகளோடு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபரில் ஒளியின் மறையுண்மைகளையும் சேர்த்தார். பழைய அச்சில் 15 மட்டும் இருக்கும், வியாழனுக்கு மகிழ்ச்சி, சனிக்கு மகிமை என்று போட்டிருக்கும். இப்போதைய வழக்கத்தில் திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. புத்தகத்தில் ஒவ்வொரு மறையுண்மைக்கும் விவிலிய வசன எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருபதில் பதினெட்டுக்கு நற்செய்தியிலோ திருத்தூதர் பணிகளிலோ நேரடிப் பகுதி உண்டு. மரியாவின் விண்ணேற்புக்கும் முடிசூட்டலுக்கும் மட்டும் அப்படி இல்லை, முடிசூட்டலுக்குத் திருவெளிப்பாடு 12:1 வாசிப்பார்கள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இரண்டு மூன்று வசனங்களை உரக்க வாசித்துவிட்டுத் தொடங்கினால் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காட்சி கிடைக்கும். அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியும் லூக்கா 1:28, 1:42 வசனங்களிலிருந்து வந்ததுதான் என்பதைச் சொல்லாத புத்தகங்கள் நிறைய.

"ஏற்கெனவே மந்திரிச்சதுங்க", அதாவது குருவானவர் ஆசீர்வதித்தது, என்று கடைக்காரர் சொல்லி விலை கூட்டினால் கொடுக்காதீர்கள். மந்திரித்த பொருளை விற்றால் அதோடு இணைந்த ஞானப்பலன், அதாவது பாவத் தண்டனைக் குறைப்பு, நின்றுவிடும் என்பது திருச்சபை விதி. வாங்கியபின் எந்தக் குருவானவரிடமும் நீட்டி மந்திரித்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஒரு மணியையோ வளையத்தையோ மாற்றியதற்காக மறுபடி மந்திரிக்க வேண்டியதில்லை. இனி கட்டவே முடியாத நிலைக்கு வந்துவிட்டால் குப்பையில் போடாமல், மரத்தையும் நூலையும் எரித்துச் சாம்பலைப் புதைத்துவிடுங்கள். கண்ணாடியும் உலோகமும் என்றால், காலடி படாத இடமாகப் பார்த்து ஒரு முழம் தோண்டிப் புதைத்தால் சரி.