கோட் 14 பயிற்சிப் பள்ளி: உரிமம் வரை நன்று, வேலை வரை இல்லை

டிரெய்லர் கோத்த கனரக லாரி ஓட்டத் தென்னாப்பிரிக்காவில் வேண்டிய உரிமம் கோட் 14. அதற்காகத் தெற்கு டர்பனில் உள்ள ஒரு கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியில் சென்ற ஆண்டு மார்ச் மாதம் சேர்ந்தேன். "உரிமமும் வேலையும் ஒரே இடத்தில்" என்ற வாசகம் அதன் வாயில் பலகையில் இருந்தது; என்னை உள்ளே இழுத்தது அந்த இரண்டாவது சொல்தான். உரிமத்தைப் பொறுத்தவரை பள்ளி சொன்னதைச் செய்தது. வேலையைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இத்தகைய பலகை ஒன்றைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

கட்டணம் 9,800 ரான்ட். அதில் இருபது மணி நேரப் பயிற்சியும், தேர்வு நாளன்று லாரியின் வாடகையும், சரக்கு ஓட்டுநருக்குரிய தொழில்முறை அனுமதியான பிடிபி-க்கு விண்ணப்பிக்க உதவியும் அடங்கும். கற்றல் உரிமத்தை நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். வேலைவாய்ப்புப் பதிவு என்று தனியாக 1,500 ரான்ட் வாங்கினார்கள். அந்தத் தொகையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். எனக்குக் கற்பித்தவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு சூலு பெரியவர். நாங்கள் அனைவரும் அவரைப் பாபா என்றே அழைத்தோம். லாரியைக் கிளப்புவதற்கு முன் அதைச் சுற்றி வந்து டயர், விளக்கு, காற்றுக்குழாய், டிரெய்லர் இணைப்பு முளை என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதை அவர் முதல் மூன்று வகுப்புகளிலேயே எங்கள் உடம்பில் ஏற்றிவிட்டார். இங்கே ஓட்டுநர் தேர்வு கே53 முறையில் நடப்பதால், கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்த்தது தேர்வாளருக்குத் தெரியும்படி தலையைத் திருப்பவும் வேண்டும். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி சற்றே பின்னால் உருண்டாலும் தேர்வு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். முதல் முறை நான் அப்படித்தான் தோற்றேன். பாபா கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே மேட்டில் கிளட்சையும் கை பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பழக்கினார், அதற்கு அவர் தனிக் கட்டணமும் கேட்கவில்லை. இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன். அவர் ஒருவருக்காகவே இந்தப் பள்ளியைப் பரிந்துரைக்கலாம் என்று அந்த வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குறை பள்ளியின் லாரியில் இருந்தது. அது பழைய இழுவை லாரி, கையால் மாற்றும் கியர் கொண்டது, பின்னால் ஒரு குட்டை டிரெய்லர். அந்த டிரெய்லரில் ஒரு நாளும் சுமை ஏறியதில்லை. தேர்வுக்கு அதுவே போதும், சட்டப்படி தவறும் இல்லை. கையியக்கக் கியரில் தேர்வு எழுதியது ஒரு வகையில் நல்லதும்கூட, ஏனெனில் தானியங்கிக் கியரில் தேறியவரின் உரிமம் அவ்வகை வண்டிகளோடு நின்றுவிடும். ஆனால் உரிமத்தில் கோட் 14 என்று அச்சாகிவிட்டால், இரண்டு டிரெய்லர்கள் கோத்த சூப்பர்லிங்க்கையும் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. இந்நாட்டில் அத்தகைய தொடர் வண்டி 22 மீட்டர் நீளமும் சுமையோடு சேர்த்து 56 டன் எடையும் இருக்கலாம். வெறும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஜேக்கப்ஸ் தெருக்களில் வலம் வந்தவனுக்கும் அந்த வண்டிக்கும் இடையே உள்ள தூரத்தை அப்போது நான் உணரவில்லை.

உணர்த்தியவர் என் தாய்மாமா. கிளேர்வுட்டில் வளர்ந்த அவர் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். உரிம அட்டையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வான் ரீனன் கணவாயில சுமையோட இறங்கியிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "ஏறுன கியரவிட ஒண்ணு குறைச்சு இறங்கணும்டா, பிரேக்க நம்பி இறங்குனவன் வீடு வந்து சேரல" என்றார். இருபது மணி நேரப் பயிற்சியில் இந்த ஒரு வாக்கியம் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

வேலைவாய்ப்பு உதவி என்பது, என் தன்விவரக் குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டதும், ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்ததும் ஆகும். அந்தக் குழுவில் வாரத்திற்கு நான்கைந்து விளம்பரங்கள் வந்தன. அவை எவரும் எங்கும் காணக்கூடிய விளம்பரங்களே. கோட் 14, செல்லுபடியாகும் பிடிபி, குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம், தொலைபேசியில் விசாரிக்கத்தக்க முன்னாள் முதலாளி என்று ஒவ்வொன்றும் கேட்டது. பள்ளி அலுவலகத்தில் இதைச் சுட்டிக்காட்டியபோது, எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள் என்று பதில் வந்தது. பிறகு நானே இறங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு உரிமத்தின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, மோபெனியிலும் துறைமுகத்தை ஒட்டிய பேஹெட் சாலையிலும் லாரி நிறுவனங்களின் வாசல்களில் நின்றேன். எனக்கு முன்பே அங்கே ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காவலாளி நகலை வாங்கி, பிடிபி இருக்கிறதா என்று பார்த்து, எந்த நிறுவனத்தில் ஓட்டினாய் என்பார். அந்தக் கேள்வியோடு என் முறை முடிந்துவிடும்.

நிறுவனங்களின் மீது எனக்குக் கோபமில்லை. புதிய ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்தால் காப்பீடு செல்லாது என்று ஒரு மேலாளர் வெளிப்படையாகவே சொன்னார். 2013 செப்டம்பரில் பைன்டவுனுக்கு அருகே ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் கட்டுப்பாட்டை இழந்த லாரி மினிபஸ் டாக்சிகளின் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை டர்பனில் யாரும் மறக்கவில்லை. அந்த ஓட்டுநருக்கு அப்போது வயது 23. கதவை மூடி வைப்பவர்களின் அச்சம் நியாயமானது. நியாயமில்லாதது, அந்தக் கதவு மூடியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் பலகையில் வேலை என்று எழுதி வைப்பது.

இப்போது அந்த 1,500 ரான்ட். 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேலை தேடுபவரிடம் வேலை தேடித்தரும் சேவைக்காகக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பதிவு செய்திருக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இது எனக்குப் பணம் கட்டிய பிறகே தெரியவந்தது. அலுவலகத்தில் கேட்டேன். அது வேலைக்கான கட்டணம் அல்ல, நிர்வாகச் செலவு என்றார்கள். ரசீதிலோ வேலைவாய்ப்புப் பதிவு என்றுதான் அச்சாகியிருக்கிறது. உங்களிடம் அப்படியொரு தொகையைக் கேட்டால், கட்டுவதற்கு முன்பே அது எதற்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பள்ளி சொல்லாமல் விட்டது. போக்குவரத்துத் துறைக்கான பயிற்சி ஆணையமான டெட்டாவின் வழியாகச் சில நிறுவனங்கள் ஓட்டுநர்களுக்கு லேர்னர்ஷிப் நடத்துகின்றன. அதில் சேர்ந்தவர் பாடத்தோடு கூடவே, அனுபவசாலியின் அருகில் அமர்ந்து நிஜச் சுமையோடு ஓட்டிப் பழகுகிறார், சிறு உதவித்தொகையும் பெறுகிறார். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆயினும் விளம்பரங்கள் கேட்கும் அனுபவத்தைத் தொடங்கிவைக்க அது நேரான வழி. இருபது மணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைச் சொல்லியிருக்கலாம்.

ஏழு மாதம் அலைந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை மாமாவின் வாய்ச்சொல்லால் கிடைத்தது. கிளேர்வுட் மொத்தக் காய்கறிச் சந்தையிலிருந்து கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும் ஒரு வியாபாரியிடம் எட்டு டன் லாரி ஓட்டுகிறேன். அதற்கு, டிரெய்லர் கோக்காத சிறிய லாரிகளுக்கான கோட் 10 உரிமமே போதும். கோட் 14 இன்னும் அட்டையில் அச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் வெங்காய மூட்டைகள் நிறைந்த வண்டி சரிவில் எப்படித் தள்ளும் என்பது இப்போது தெரிகிறது, இரண்டு ஆண்டு கழித்துத் தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு முதலாளியும் இருக்கிறார்.

ஆகவே உறவிலோ பழக்கத்திலோ உங்களை வண்டியில் ஏற்றிக்கொள்ள ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்றால், இந்தப் பள்ளியில் தயங்காமல் சேரலாம். பாபாவின் வகுப்பு நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லாதவர் முதலில் கோட் 10 எடுத்து, சிறிய லாரியில் ஓராண்டு ஓட்டிவிட்டு வருவது மேல். பயிற்சிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். வேலைவாய்ப்பு உதவிக்குத் தர ஒன்றுமில்லை. 1,500 ரான்ட்டைத் திருப்பித் தருமாறு ரசீதின் நகலோடு கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை, வாட்ஸ்அப் விளம்பரங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.