பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கருவி: எந்த மோட்டார், எந்த அச்சு, எந்த ஊசி?

என் அப்புச்சி மைக் செட் வைத்திருந்தவர். அன்னூரைச் சுற்றி எந்த ஊரில் மாரியம்மன் நோம்பி என்றாலும், யார் வீட்டில் காது குத்து என்றாலும், அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் வேப்பமரத்தில் ஏறும். அவர் காலமான பிறகு பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் இறங்கின. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள் ஐம்பதுக்குக் குறையாமல், அதைவிடக் கூடுதலாக 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டுகள், 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி.க்கள் பதினைந்து. அவற்றைப் பாடவைத்த கருவி மட்டும் இல்லை.

புதிதாக ஒன்றை வாங்கியிருக்கலாம். நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இதுவரை மூன்று கருவிகள் கட்டிவிட்டேன். மூன்றும் வேறு வேறு விதம். மோட்டார் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது முதல் மோட்டாரும் பம்பும் ஆலையுமாக வளர்ந்த ஊர் நம்முடைய கோவை. ஆகவே அந்தக் கேள்வி இயல்பு. ஆனால் மூன்று கருவிகளிலும் என் நேரத்தை மோட்டார் அதிகம் தின்னவில்லை. இசைத்தட்டை ஏந்தும் சுழல்தட்டின் அச்சுதான் தின்றது. பாட்டின் தரத்தையும் கடைசியில் முடிவுசெய்தது அதுதான்.

முதலில் சுழற்றும் முறையைப் பார்த்துவிடலாம். ரப்பர் சக்கரம், பெல்ட், நேரடிச் சுழற்சி என்று மூன்று வழிகள் உண்டு.

ரப்பர் சக்கரம்

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தால் தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் ரெக்கார்டு சேஞ்சர், உடைந்தது ஒன்று, எப்படியும் கண்ணில் படும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் நான்கு துருவ ஏ.சி. மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் கணக்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. சுமையோடு ஓடும்போது 1300 முதல் 1400க்குள் நிற்கும். மோட்டார் தண்டின் படிகள் ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்ட, அந்தச் சக்கரம் சுழல்தட்டின் உள்விளிம்பை உருட்டும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் ரப்பர் சக்கரம் எந்த அளவில் இருந்தாலும் தட்டின் வேகம் மாறாது. மோட்டார் தண்டின் விட்டமும் தட்டு விளிம்பின் விட்டமும் மட்டுமே கணக்கில் வரும். அதனால் காய்ந்து கல்லாகிப்போன பழைய சக்கரத்துக்கு அதே அளவில் மாற்றுத் தேடி அலைய வேண்டியதில்லை. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தின் மேல் உருளையில் மாட்டும் ரப்பர் உறையான காட்ஸ் போதும். ஆலையில் காட்ஸ் பஃபிங் செய்யும் மெஷினில் ஒருமுறை தேய்த்து வாங்கினால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியாது. நான் போட்டது சுமார் 30 மி.மீ. விட்டமுள்ள காட்ஸ், இன்றுவரை ஓடுகிறது. ஒரே ஒரு கட்டுப்பாடு: நிறுத்தியதும் சக்கரத்தை விலக்கிவிட வேண்டும். அழுத்தியபடியே ஓர் இரவு விட்டால் ரப்பரில் தட்டையான வடு விழும். மறுநாள் ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் டொக்கென்று தட்டும்.

குறைகள் இரண்டு. மோட்டாரின் அதிர்வு ரப்பர் வழியாக நேராகத் தட்டுக்கு வந்து, ஒலிபெருக்கியில் அடிக்குரல் உறுமலாகக் கேட்கிறது. மற்றொன்று மின்னழுத்தம். இது தூண்டல் மோட்டார். அழுத்தம் இறங்கினால் வேகமும் சற்று இறங்கும். சோமனூர்ப் பக்கம், விசைத்தறிகள் ஒன்றாக ஓடும் தெருவில் இருக்கும் உறவினர் வீட்டில் இதை வைத்துப் பார்த்தேன். மாலையில் ஒரு நாதஸ்வரத் தட்டு போட்டோம். நீட்டிப் பிடித்த ஒரே சுரம் மெல்லக் கீழே சரிந்தது. வேகம் ஆறு விழுக்காடு மாறினால் சுருதி அரை சுரம் நகர்ந்துவிடும். அதில் கால்பங்கு மாறினாலே பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

ஆனாலும் 78 தட்டுகளுக்கு இதுவே என் தேர்வு. அந்தத் தட்டுகளின் சொந்த இரைச்சலில் மோட்டாரின் உறுமல் பெரிதாகத் தெரியாது. ஊசியின் கனமான இழுப்பையும் இந்த முறை தளராமல் தாங்குகிறது.

பெல்ட்

டேப் ரெக்கார்டரின் டி.சி. மோட்டார். வீட்டுக்கு வீடு ஒன்று கிடந்த காலம் போய்விட்டாலும், ரேடியோ மெக்கானிக்குகளின் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலானவை 2400 சுற்று. உள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று உண்டு. பின்பக்கத் துளைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டுச் சற்றே கூட்டவும் குறைக்கவும் முடியும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதால் தறி ஓடினாலும் நின்றாலும் இதற்குக் கவலையில்லை. மின்வெட்டு வந்தால் பேட்டரியில் மாட்டிவிடலாம்.

கணக்கு இப்படி வருகிறது. 2400ஐ 33⅓ஆல் வகுத்தால் 72. சுழல்தட்டின் வெளிவிட்டம் 300 மி.மீ., பெல்ட்டின் தடிமன் 1 மி.மீ. என்றால், மோட்டாரின் தலையில் மாட்டும் பித்தளை புஷ்ஷுக்கு 3.2 மி.மீ. விட்டம் வேண்டும். 45க்கு 4.6. 78க்கு 8.8. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் இந்த மூன்று படிகளையும் ஒரே பித்தளைத் துண்டில் கடைந்து கொடுத்தார். மோட்டார் தண்டு 2 மி.மீ.தான், அதற்கான துளை ஒரு முடியளவு கோணினாலும் பாட்டு நடுங்கும். அதனால் துளையைப் போட்டு, அந்தத் துளையிலேயே பிடித்து வெளிப்பக்கத்தைக் கடைந்தார். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பெல்ட்டுக்கு நான் பட்ட பாடு தனி. ரிங் பிரேமில் ஸ்பிண்டில்களை (நூல் பாபினைச் சுழற்றும் அச்சுகளை) ஓட்டும் டேப்பைக் குறுக்காக நறுக்கிப் போட்டேன், 3.2 மி.மீ. புஷ்ஷில் வளைய மறுத்து வழுக்கியது. திருப்பூரிலிருந்து பனியன் எலாஸ்டிக் வாங்கித் தைத்துப் பார்த்தேன். தையல் முடிச்சு புஷ்ஷைத் தாண்டும்போதெல்லாம் சுரம் துள்ளியது. சைக்கிள் டியூப்பை வளையமாக அறுத்ததில் தடிமன் எங்கும் ஒரே சீராக இல்லை. கடைசியில் இசைத்தட்டுக் கருவிக்கென்றே வரும் ரப்பர் பெல்ட்டை விலை கொடுத்து வாங்கினேன். மோட்டாரைத் தட்டை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் புஷ்ஷைப் பெல்ட் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும், வழுக்கல் குறையும்.

கனமான தட்டை இந்தச் சின்ன மோட்டார் சட்டென்று கிளப்பிவிடாது. கையால் ஒரு தள்ளு கொடுக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு இதன் அமைதிக்கு ரப்பர் சக்கரம் அருகில்கூட வர முடியாது. எல்.பி.க்களுக்கு என் வாக்கு பெல்ட்டுக்குத்தான்.

நேரடிச் சுழற்சி

தட்டின் அடியிலேயே மோட்டார். 1970இல் டெக்னிக்ஸ் நிறுவனம் இப்படிச் செய்து காட்டியது. பழைய கணினிகளின் ஐந்தேகால் அங்குல பிளாப்பி டிரைவில் உள்ள தட்டையான மோட்டாரைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. அது 300 சுற்றுக்குச் செய்தது. ஒன்பதில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கியபோது, காந்தத் துருவங்களைத் தாண்டும் ஒவ்வொரு அடியும் தட்டில் தெரிந்தது. அதைச் சீராக்க மின்னணுவியல் அறிவு நிறைய வேண்டும். அந்த அறிவு உள்ளவர்கள் முயலட்டும், நான் விட்டுவிட்டேன். சீலிங் ஃபேன் மோட்டாரைத் தலைகீழாக வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அதோடு பால் பேரிங்கின் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

தட்டைத் தாங்கும் அச்சு

நூற்பாலைக்காரன் என்பதால் என் கண் முதலில் போனது ஸ்பிண்டிலுக்குத்தான். நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று எண்ணெயில் மிதந்தபடி ஓடும் பொருள். 33 சுற்று அதற்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். கழித்துப் போட்ட ரிங் பிரேமிலிருந்து போல்ஸ்டரோடு, அதாவது அதைத் தாங்கும் கூட்டோடு, ஒன்றை வாங்கி, மேல் பாகத்தைக் கடைந்து, தட்டை ஏற்றினேன். விரலால் சுண்டினால் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. அவ்வளவு மகிழ்ச்சி.

ஊசியை வைத்ததும்தான் குறை தெரிந்தது. தட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல ஏறி இறங்கியது. மச்சான் டயல் கேஜை விளிம்பில் வைத்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, இது நூல் சுற்றப் பிறந்த அச்சு. இதன் தலையில் இரண்டரைக் கிலோவை ஏற்றினால் பாவம், அது என்ன செய்யும்?”

அவர் சொன்னது சரி. இன்றைய போல்ஸ்டர்களுக்குள் அடிப்பக்கத் தாங்கி இறுக்கமாக இருக்காது. சற்று நெகிழும்படிதான் அமைத்திருப்பார்கள். அதிவேகத்தில் பாபின் தன் நடுவைத் தானே தேடிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. ஆலையில் அது பெரிய வரம். குறைந்த வேகத்தில், தலைக்கனமான தட்டின் அடியில், அதே நெகிழ்வு தள்ளாட்டமாக மாறுகிறது. அரைக் கிலோவுக்குள் இருக்கும் தட்டு என்றால் ஸ்பிண்டில் போதும்.

பால் பேரிங்கைப் பற்றி ஒரே வரி: புதியதே ஆனாலும் குண்டுகள் உருளும் ஓசையை ஊசி எடுத்துவிடும், வேண்டாம்.

வென்றது பழைய முறைதான். 12 மி.மீ. எஃகு அச்சு, அதற்கேற்ற கன்மெட்டல் புஷ் (அச்சு உள்ளே சுழலும் வெண்கல உறை), அடியில் சைக்கிள் பேரிங்கின் கால் அங்குலக் குண்டு ஒன்று, குண்டுக்குக் கீழே நைலான் வில்லை. மொத்த எடையையும் அந்த ஒரு புள்ளி தாங்குகிறது. அச்சுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி சரிதானா என்பதற்கு மச்சான் காட்டிய சோதனையை மறக்க மாட்டேன். புஷ்ஷில் எண்ணெயை ஊற்றி, அச்சை மேலே நிறுத்திக் கையை விட்டுவிட்டார். அது விழவில்லை. ஓரத்தில் நுரை கட்ட, காற்று சிறு சிறு குமிழியாக வெளியேற, தேனில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கி, ஒரு நிமிடத்துக்குமேல் கழித்துத்தான் குண்டைத் தொட்டது. “டக்கென்று விழுந்தால் தளர்ச்சி, பாதியில் நின்றால் இறுக்கம்” என்றார். எண்ணெய் விஷயத்தில் ஆலைப் பழக்கம் இங்கே உதவாது. மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் இந்த வேகத்தில் நிற்காமல் வடிந்துவிடும். என்ஜின் ஆயில்போலத் தடித்தது வேண்டும்.

சுழல்தட்டுக்கு அலுமினிய வார்ப்பு நல்லது. 300 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. தடிமனும் உள்ள வார்ப்பு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். கடைந்த பிறகு இரண்டரை நிற்கும். பம்பு பாகம் வார்க்கும் பவுண்டரி பக்கத்திலேயே இருக்கிறது என்று வார்ப்பிரும்பில் செய்துவிடாதீர்கள். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தக் கார்ட்ரிட்ஜை இரும்பு கீழே இழுக்கும். ஊசியின் பாரம் உங்களுக்குத் தெரியாமலே கூடிவிடும். நடு முளை 7.1 மி.மீ.; அதற்கு மேல் போனால் இசைத்தட்டின் துளையில் நுழையாது.

கையும் ஊசியும்

ஊசியைத் தாங்கும் கையைப் பழைய சேஞ்சரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், மூட்டுகளில் ஆட்டம் இல்லையென்றால். நானே செய்த கை ஒன்று அலுமினியக் குழாய். ஒற்றைக் கூர்முனைமேல் தராசு முள்போல நிற்கிறது. பார்க்க அழகு, ஆனால் சரிசெய்யப் பொறுமை வேண்டும்.

கார்ட்ரிட்ஜும் ஊசியும் மட்டும் பழையதில் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய கிரிஸ்டல் பிக்கப்பின் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பின் படிகம். ஈரம் பட்டாலும் கெடும். 55 டிகிரி வெப்பத்தை ஒட்டிப் போனாலும் கெடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பரணில் கிடந்த ஒன்று உயிரோடு இருக்கும் என்று நம்புவதற்கில்லை. செராமிக் வகை வெப்பத்தைத் தாங்கும். வெளியீடும் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் என்பதால் சாதாரண ஆம்பிளிஃபயரிலேயே பாடும். ஆனால் ஐந்து கிராமுக்குமேல் பாரம் கேட்பவை அதில் நிறைய. காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு, மூன்று கிராமில் ஓடும். தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே அதைப் பெருக்கிச் சீராக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. ப்ரீஆம்ப் தனியாக வேண்டும், 47 கிலோ ஓம் உள்ளீட்டோடு. செலவு கூடும். செலவழியுங்கள். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும்; அந்தத் தட்டை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

78க்கும் எல்.பி.க்கும் ஒரே ஊசி ஆகாது. எல்.பி. ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78க்கு 65 முதல் 75 வரை. சின்ன ஊசி பெரிய பள்ளத்தின் அடியில் புரண்டு குப்பையைத்தான் பாடும்.

அப்புச்சியின் பெட்டியில் இருப்பதுபோல உங்களிடமும் 78கள் அதிகமென்றால் ரப்பர் சக்கரத்தில் தொடங்குங்கள், எல்.பி.க்கள் அதிகமென்றால் பெல்ட். எதுவானாலும் கன்மெட்டல் புஷ்ஷில் கைவைக்காமல் மோட்டார் வாங்கப் போகாதீர்கள். ஏ.சி. மோட்டார் என்றால் அதன் உடலுக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும்.

வேகம் பார்க்க 180 கோடுகள் கொண்ட காகித வட்டம் ஒன்றைத் தட்டின்மேல் வையுங்கள். அது 33⅓க்கு, 45க்கு 133 கோடுகள், 78க்கு 77. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாமல் போகலாம். சுவிட்சு போர்டில் சிவப்பாக எரியும் நியான் இண்டிகேட்டரின் அருகில் இருட்டில் வைத்துப் பாருங்கள்; அது நொடிக்கு நூறு முறை மின்னும். கோடுகள் முன்னே ஊர்ந்தால் வேகம் கூடுதல், பின்னே ஊர்ந்தால் குறைவு. டேப் மோட்டாரின் பின்துளையில் திருப்புளியை விட்டு, கோடுகள் நிற்கும்வரை திருப்புங்கள். ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். ஊசியின் இழுப்பும் சேர்ந்ததுதான் உண்மையான வேகம்.