ஏற்காட்டுல கையெழுத்துப் போட்ட பேண்ட் போஸ்டர் வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் ஏமாந்துட்டு எழுதறேன்

இன்னும் படபடப்பு அடங்கல. நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சது.

ஏற்காடு ஏரிப் பக்கம் பழைய ரெக்கார்டு, கேசட், போஸ்டர் விக்கிற சின்னக் கடை. பேர் வேண்டாம். போன ஞாயித்துக்கிழமை அங்க சுவத்துல அயர்ன் மெய்டன்ங்கற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டோட போஸ்டர் ஒண்ணு கண்ணாடி போட்டு மாட்டியிருந்துச்சு. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். ஆறு பேர் கையெழுத்து. பார்த்ததும் கால் அங்கேயே நின்னுடுச்சு.

அவங்க இந்தியாவுல முதல் தடவை வாசிச்ச ஷோ அது. பத்தாவது பரிட்சையை வெச்சுக்கிட்டு, வீட்டுல பொய் சொல்லிட்டு, சேலத்துல இருந்து அண்ணன்கூட பஸ் ஏறினேன். ஷோ முடிஞ்சும் கிளம்ப மனசில்லாம கேட்டுலயே நின்னோம். கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒண்ணு போச்சு. உள்ள இருந்து அவங்க பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் கை காட்டினார்னு அண்ணன் இன்னிக்கும் சொல்வார். அடுத்த வாரம் அவருக்கு நாப்பது வயசு ஆகுது.

இதையெல்லாம் கடைக்காரர்கிட்ட நானேதான் சொன்னேன். அவர் டீ வரவழைச்சார். "நானும் அதே கேட்டுலதான் நின்னேன் தம்பி. அவங்க தங்கின ஹோட்டல்ல நம்ம பையன் ஒருத்தன் வேலை பார்த்தான், அவன் வாங்கிக் கொடுத்தது"ன்னார். போஸ்டரைக் கழட்டி, துண்டால கண்ணாடியைத் துடைச்சு என் மடியில வெச்சார். "22,000 சொல்ற பொருள். உங்க அண்ணனுக்குன்னா 18,500 கொடுங்க." அங்கதான் விழுந்தேன். பில் கேட்டேன், புக்கு தீர்ந்துடுச்சு, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னார். ஜிபேல 18,500 போட்டுட்டு வந்தேன்.

ஃப்ரேம் பழசா இருக்கேன்னு நேத்து சின்னக்கடை வீதியில மாத்தக் கொடுத்தேன். ஓரத்து அட்டையை எடுத்தா அடியில ஏழாவது கையெழுத்து. கிளைவ் பர்! 1982லயே பேண்டை விட்டுப் போன டிரம்மர். நரம்பு நோயால வருஷக்கணக்கா கஷ்டப்பட்டு 2013ல இறந்தவர், அவர் சிகிச்சைக்காக இதே பேண்ட் ஷோ நடத்திப் பணம் திரட்டியிருக்கு. அந்த மனுஷன் பேரை வெச்சுப் பொய் சொல்ல எப்படி மனசு வந்துச்சு? ஃப்ரேம்காரர் லென்ஸ் கொடுத்தார். ஏழும் புள்ளி புள்ளியா இருக்கு. பிரிண்ட்.

போன் பண்ணேன். "பழைய மெம்பர் ஷோ பார்க்க வந்திருப்பார் தம்பி"ன்னார். பிரிண்ட்டுன்னேன், "வித்த பொருள் திரும்ப எடுக்கறதில்ல"ன்னு வெச்சுட்டார். இன்னிக்குக் காலைல இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். கடைப் பையன், "ஓனர் கோயம்புத்தூர் போயிட்டார்ணா"ங்கறான். அங்க நின்னே போன் அடிச்சேன், உள் ரூம்ல ரிங் கேக்குது. கூப்பிட்டேன், யாரும் வரல. அடிவாரம் வந்து பார்த்தா வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணியிருக்கார். 18,500 ரூபாய், என் ஒரு மாசச் சம்பளத்துல பெரும்பங்கு. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல.

வாங்கறவங்க கண்ணாடியைக் கழட்டிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. செல்போன் டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க, பேனா மை தனியாத் தெரியணும். அந்த வருஷம் பேண்டுல யார் யார் இருந்தாங்கன்னு எண்ணுங்க. பில் இல்லைன்னா எழுந்து வந்துடுங்க.

1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதியப் போறேன். ஏழு கையெழுத்தோட இதே போஸ்டர் வேற யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே கொடுப்போம்.