கெய்ரோவிலிருந்து ஒரு நாள் கார் பயணம்: பிரமிடுகள் பார்க்கக் கீசாவா, சக்காரா–தாஷூரா?

கீசா, கெய்ரோ நகரை ஒட்டியே இருப்பதால் அரை நாள் போதும். மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடும் ஸ்பிங்க்ஸ் சிலையும் ஒரே வளாகம். கூட்டம்தான் சிக்கல், வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள்.

முழு நாள் இருந்தால் சக்காரா–தாஷூர்தான் எங்கள் தேர்வு. சக்காரா தெற்கே சுமார் 30 கி.மீ., தாஷூர் இன்னும் 10. காரைப் பேசும்போதே இரண்டு இடங்களையும் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்; இல்லையேல் சக்காராவோடு பயணம் முடிந்துவிடும். தாஷூரை முதலில் வையுங்கள்: சிவப்புப் பிரமிடில் வெளிப்படிகளில் ஏறி, உள்ளே 60 மீட்டருக்கு மேல் குனிந்தபடியே இறங்க வேண்டும், வெயில் ஏறினால் தாங்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம். பக்கத்து வளைந்த பிரமிடின் சாய்வு நடுவில் 54 பாகையிலிருந்து 43 ஆகக் குறைவதைக் கட்டாயம் கவனியுங்கள். பிறகு சக்காராவில் மன்னர் ஜோசரின் படிப் பிரமிடு.