சுகர் பையனுக்கு, ஃபார்ம் அம்மாவுக்கு

போன மாசம் இங்க அமெரிக்காவுல கிளினிக்ல பையனோட ஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) பாத்துட்டு எனக்கும் ஒரு ஃபார்ம் நீட்டுனாங்க. பேரன்ட் டிடிஎஸ் (டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ் ஸ்கேல்)னு பேராம், டைப் 1 சுகர் இருக்கற டீனேஜ் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு எவ்ளோ மன உளைச்சல்னு அளக்கறதுக்காகவே 2016ல வெளிவந்தது. மொத்தம் 20 கேள்வி, நம்ம சொந்தக் கவலை, பிள்ளை சுகர பாத்துக்கற லட்சணம், அவனுக்கும் நமக்கும் நடக்கற சண்டை, டாக்டர் டீம்னு நாலு பக்கமும் கேக்குது. டிப்ரஷன் இருக்கான்னு கேக்கற சாதா ஃபார்ம்ல இதெல்லாம் மாட்டாது.

அந்த சண்டை பகுதி படிக்கறப்போ சிரிப்பே வந்துடுச்சு, ஏன்னா அதுக்கு முந்தின ராத்திரிதான் 3 மணிக்கு பையனோட சுகர் சென்சார் அலாரம் அடிச்சு, 58க்கு எறங்கிடுச்சுன்னு காட்டி, நான் ஜூஸ் டப்பாவோட ஓடுனா "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்"னு போர்வைய இழுத்துக்கிட்டான், ஸ்ட்ராவ வாயில வச்சு குடிக்க வச்சிட்டு 15 நிமிஷம் இருட்டுல கட்டில் பக்கத்துலயே நின்னேன்.

குறைன்னா, "சின்ன வயசுல ஸ்வீட் ஜாஸ்தி குடுத்தியா?"ன்னு கேக்கற சொந்தக்காரங்களப் பத்தித் தனியா ஒரு கேள்வி வச்சிருக்கலாம். ஸ்வீட்டால வந்தது இல்ல, ஆட்டோஇம்யூன், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கற செல்ல அழிச்சிடுதுன்னு சொல்லி சொல்லி வாய் வலிக்குது. தமிழ்ல கையில கெடச்சா எங்கம்மாவையும் நிரப்ப சொல்லுவேன்.

ஃபார்முக்கு 4 ஸ்டார். அத வாங்கி ஃபைல்ல சொருகிட்டு ஒரு வார்த்தை கூட பேசாத கிளினிக்குக்கு 1.