சின்ன உப்புத்தண்ணி தொட்டிக்கு மீன் விக்க மாட்டேன்னு சொன்ன கடை: என் ரிவியூ

போன வருஷம் என் தம்பி வேலை மாத்தி சிங்கப்பூர்லேர்ந்து மெல்பர்ன் போனப்ப அவனோட கடல்மீன் தொட்டிய என் தலையில கட்டிட்டு போயிட்டான். ரெண்டடி நீளத் தொட்டி, தண்ணிய குளுமையா வெக்கிற சில்லர், லைட்டு, பாதி வாளி உப்பு, கல்லு, எல்லாம் இருந்துச்சு, மீனு மட்டும் இல்ல, அத அவன் ஃப்ரெண்டுக்கு குடுத்துட்டானாம். "அக்கா ரொம்ப ஈஸி, வாரம் ஒரு வாட்டி கொஞ்சம் தண்ணி மாத்தினா போதும்"னு சொன்னான். சின்ன வயசுலேர்ந்து இவன் ஈஸின்னு சொன்ன எதுவும் ஈஸியா இருந்ததில்ல, இருந்தும் நம்புனேன் பாருங்க.

இந்த ரிவியூல ரெண்டு கடை வருது. ஒண்ண நல்லா திட்டப் போறேன், பிடிச்ச கடையையும் கொஞ்சம் திட்டப் போறேன், அதனால ரெண்டு கடைக்கும் பேரு போடல. பேரு கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க.

மொதல் கடை பெருசு, பளபளன்னு லைட்டு, சனிக்கிழமை மத்தியானம் நல்ல கூட்டம். பையன் பிரைமரி த்ரீ படிக்கிறான், உள்ள நுழைஞ்ச உடனே கார்ட்டூன்ல வர்ற அந்த நீல மீன பாத்துட்டான், அவ்ளோதான், அதுக்கப்புறம் அவன் கால் அந்த கண்ணாடிய விட்டு நகரல. ப்ளூ டேங்னு சொல்லுவாங்க, நாங்க பாத்தது என் கட்டைவிரல் அளவு கூட இல்ல. விக்கிற தம்பி தொட்டி எவ்ளோ பெருசுன்னு கேட்டாரு, ரெண்டடின்னு சொன்னேன், "ஓகே ஓகே, தொட்டி சைஸுக்கு ஏத்த மாதிரி தான் மீனு வளரும்"னு சொல்லிட்டு வலைய எடுத்துட்டாரு. கூடவே கறுப்பு வெள்ளை கோடு போட்ட டேம்செல் மூணு, "ரொம்ப ஹார்டி, சாகவே சாகாது"ன்னு. ஒரே நாள்ல நாலு மீனு. இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பா வருது, அப்ப என்ன தெரியும்.

ப்ளூ டேங் முழுசா வளந்தா 30 சென்டிமீட்டர் வரும். பையனோட ஸ்கூல் பேக்ல இருக்குற ரூலர் நீளம். என் தொட்டி 60 சென்டிமீட்டர், அந்த மாதிரி ரெண்டு ரூலர வரிசையா வெச்சா முடிஞ்சுது. நீளம் மட்டும் இருந்தா கூட பரவால்ல, அது நாள் பூரா பாறைய சுத்தி நீந்திக்கிட்டே இருக்குற ஜாதி, ஓடுறதுக்கு எடம் வேணும். எங்க தொட்டில இந்த கண்ணாடிலேர்ந்து அந்த கண்ணாடிக்கு போயிட்டு போயிட்டு வந்துச்சு, பையன் அத விளையாடுதுன்னு நினைச்சான். அதுக்கு மேல அந்த டேம்செல்ங்க, பாக்க சின்னதா இருந்தாலும் மகா ரவுடிங்க, மூணும் சேந்து அத மூலைக்கு தள்ளி வெச்சுதுங்க. அஞ்சாவது வாரம் உடம்பெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளை புள்ளி. டேங் ஜாதி மீனுக்கு இந்த நோய் சீக்கிரம் ஒட்டிக்குமாம். ஏழாவது வாரம் போயிடுச்சு, பின்னாடியே ரெண்டு டேம்செல். மிச்சம் ஒண்ண எடுத்துக்கோங்கன்னு கேட்டா கடையில திரும்ப வாங்க மாட்டோம்னுட்டாங்க, கடைசில பெரிய தொட்டி வெச்சிருக்க ஒருத்தர்கிட்ட எல்லாத்தையும் சொல்லித் தான் குடுத்தேன். அந்த வெள்ளை புள்ளி கிருமி ஒட்டிக்க மீனு இல்லாம சாகணும்னு ரெண்டரை மாசம் தொட்டிய காலியாவே ஓட்டுனேன். கல்லுக்கும் தண்ணிக்கும் கரண்ட் பில்லு கட்டுன குடும்பம் எங்க குடும்பம்.

அப்புறம் தான் ரெண்டாவது கடை. ஒரு புளோக்குக்கு கீழ, முடிவெட்டுற கடைக்கும் மாமா கடைக்கும் (சின்ன மளிகை கடை) நடுவுல, ஒரு ஆளு நேரா நடந்தா தோள் ரெண்டு பக்கமும் உரசும், அவ்ளோ தான் அகலம். ஒரு சீன அங்கிள், சிங்லெட், ரப்பர் செருப்பு, நம்ம உள்ள போனாலும் தலைய தூக்க மாட்டாரு. ஒவ்வொரு தொட்டிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கர்ல ஒரு நம்பர். க்ளவுன்ஃபிஷ் தொட்டில 8. எட்டு வெள்ளியா, பரவால்லியே, சீப்பா இருக்கேன்னு நினைச்சேன். ப்ளூ டேங்ல 30. மூலைல வெள்ளை உடம்புல கறுப்பு புள்ளி போட்டு தலைய கீழ தொங்கவிட்டு அழகா டான்ஸ் ஆடுற ஒரு குட்டி மீனு, அதுல 70. இவ்ளோ விலையான்னு கேட்டதும் தான் அங்கிள் மொத மொதல்ல சிரிச்சாரு. அது விலை இல்லியாம், வளந்தா எத்தன சென்டிமீட்டர் வரும்ங்கற கணக்காம். அந்த 70 போட்டது பாந்தர் க்ரூப்பர், நம்ம களவா மீனு ஜாதி தான், "திஸ் ஒன் ரெஸ்டாரண்ட் ஃபிஷ், ஸ்டீம், வெரி எக்ஸ்பென்சிவ்"னாரு. கல்யாண விருந்துல தட்டுல வர்ற மீனோட குட்டிய தான் ஆளுங்க ரெண்டடி தொட்டிக்கு வாங்கிட்டு போறாங்களாம்.

இந்த ஒரு டேப்புக்காகவே அந்த கடைக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். கடையில இருக்குறது எல்லாமே குட்டிங்க தான், எல்லாமே ரெண்டு மூணு விரல்கடை தான் இருக்கும், அத பாத்து நம்ம எப்படி முடிவு பண்றது.

அவரு மொதல்ல கேட்டது எத்தன லிட்டர்னு இல்ல, நீளம் அகலம் உயரம். 60க்கு 35க்கு 35னு சொன்னேன். அப்படியே பெருக்குனா 73 லிட்டர் சொச்சம், ஆனா மேல வரைக்கும் தண்ணி ஊத்த மாட்டோம், கல்லு மணல் எடம் பிடிக்கும், நிஜ தண்ணி 55 லிட்டர் இருந்தா அதிகம்னு அவரே கால்குலேட்டர்ல தட்டி காட்டுனாரு. அப்புறம் தொட்டி போட்டோ. மூடி இருக்கா. சில்லர் எத்தன டிகிரில வெச்சிருக்க. 26ன்னு சொன்னதும் தலையாட்டுனாரு. நன்னீர விட உப்புத்தண்ணில ஆக்சிஜன் கம்மியா தான் கரையும், தண்ணி சூடாக சூடாக இன்னும் கம்மியாகும், நம்ம ஊர்ல சில்லர் இல்லாம விட்டா சாதாரணமா 30 பக்கம் போயிடும். அதனால ஒரு கேலனுக்கு ஒரு இன்ச் மீனுன்னு சொல்ற அந்த பழைய கணக்கெல்லாம் இங்க வேலைக்கு ஆகாது. உன் தொட்டிக்கு நாலு மீனு, எதுவும் 10 சென்டிமீட்டர தாண்டக்கூடாது, அதோட நிறுத்துன்னாரு.

சரி 10க்குள்ள இருக்குறத எல்லாம் வாங்கலாம்னு ரூலர் கணக்குல நான் ஆரம்பிச்சேன், அதுக்கும் விடல. மேண்டரின் மீனு கேட்டேன், பட்டுப்புடவை மாதிரி நீலமும் ஆரஞ்சும், எட்டு சென்டிமீட்டருக்கு மேல போகாது. கேனாட், முடியாதுன்னாரு. அது நாள் பூரா கல்லுல ஒட்டியிருக்குற கண்ணுக்கே சரியா தெரியாத குட்டி பூச்சிங்கள பொறுக்கி தின்னுக்கிட்டே இருக்கும், சின்ன தொட்டில அது ரெண்டே வாரத்துல தீந்துடும், அப்புறம் நம்ம கண்ணு முன்னாடியே பட்டினி கிடந்து இளைச்சு சாகும். சிக்ஸ்லைன் ராஸ் கேட்டேன், அளவு சரி, குணம் சரியில்ல, அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும் அடிக்கும். ஃபயர்ஃபிஷ்? பயந்தா எகிறி குதிக்கும், என் தொட்டிக்கு மூடி இல்ல, மொதல்ல வலை மூடி போட்டுட்டு வான்னாரு. ஒருத்தர் கடை திறந்து வெச்சுட்டு இத்தன தடவ இல்லன்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. பையனுக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

கடைசில ஒத்துக்கிட்டது: டெயில்ஸ்பாட் ப்ளென்னி ஒண்ணு, சுமார் ஆறு சென்டிமீட்டர், கல்லுல இருக்குற பாசிய கொறிச்சுக்கிட்டு ஓட்டைலேர்ந்து எட்டிப் பாக்குற கோமாளி. மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒண்ணு, 10 சென்டிமீட்டர் வரும், ஆனா குழி வாசல விட்டு நகராது, அதனால எடம் பத்தும். அது கூட ஒரு பிஸ்டல் இறால். இந்த ஜோடிய பத்தி சொல்லியே ஆகணும். இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, குழி தோண்டுறது அது வேல, தோண்டும்போது ஒரு மீசைய கோபி மேல வெச்சுக்கிட்டே இருக்கும், ஏதாவது வந்தா கோபி வால ஆட்டி சிக்னல் குடுக்கும், ரெண்டும் உள்ள. ராத்திரி அந்த இறால் கொடுக்க சொடுக்குனா டக்குனு கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி சத்தம் வரும், மொத நாள் நான் தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடி வந்து தரையில தண்ணி இருக்கான்னு தடவி பாத்தேன்.

கடைசியா க்ளவுன்ஃபிஷ் ஒரு ஜோடி, ஆஸெலாரிஸ் ஜாதி. அங்கிள் டேப்புல 8ன்னு போட்டிருந்தாலும் பொம்பள மீனு அதுக்கு மேலயும் கொஞ்சம் போகும்னு சொன்னாரு. ஜாதி பேர கேட்டு வாங்குங்க, ஏன்னா மரூன் க்ளவுன்னு ஒண்ணு இருக்கு, அது 17 சென்டிமீட்டர் வரைக்கும் வரும், கோவமும் அதே அளவு. குட்டியா இருக்குறப்ப ரெண்டும் ஒரே அளவு தான். இன்னொண்ணு, ஜோடி எடுக்குறப்ப ரெண்டும் ஒரே சைஸா எடுக்காதீங்க. க்ளவுன்ஃபிஷ் எல்லாமே மொதல்ல ஆம்பளயா தான் இருக்கும், ஜோடில பெருசா அதிகாரம் பண்றது பொம்பளயா மாறிடும், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு எடுத்தா யாரு பெரியவங்கன்னு சண்டை கம்மி. எங்க வீட்லயும் அப்படி தான்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு, நான் கண்டுக்கல. இந்த மீனு நம்ம தெற்கு தீவு பக்கம் பவளப்பாறைல நிஜமாவே வாழுதுன்னு அங்கிள் சொல்லித் தான் தெரியும், கடையில இருக்குறது தொட்டில வளத்த குட்டிங்க.

நாலையும் ஒரே நாள் குடுக்கல அவரு. ப்ளென்னியும் கோபியும் மொதல்ல, ரெண்டு வாரம் கழிச்சு அம்மோனியா டெஸ்ட் பண்ணி அந்த கலர் குழாய போட்டோ எடுத்துட்டு வான்னாரு, அப்புறம் தான் க்ளவுன். எடம் பிடிச்சுக்கிட்டு மிரட்டுற மீன கடைசில விடணும், முன்னாடி விட்டா தொட்டியே அதோட சொத்துன்னு நினைச்சுக்கும்.

இப்ப திட்டு. விலை அதிகம், க்ளவுன் ஜோடிக்கு 45 வெள்ளி வாங்குனாரு, மொதல் கடையில இதவிட நல்லா கம்மி. பேரம் பேசுனா பதிலே வராது. எப்ப திறப்பாரு எப்ப மூடுவாருன்னு ஒரு நேரம் கிடையாது, ரெண்டு தடவ பஸ் எடுத்து போயி ஷட்டர பாத்துட்டு திரும்பி வந்தேன். கார்டு கிடையாது, போன்ல பணம் அனுப்புற பேநவ் இல்லனா கேஷ். சரக்கும் கம்மி, நாலு வகை கோபி பாத்து எடுக்கணும்னா அங்க முடியாது. பேச்சு கரடுமுரடு, குழாய் தண்ணிக்கு என்ன மருந்து போடுறேன்னு கேட்டாரு, குளோரினுக்கு போடுறதுன்னு சொன்னேன், நம்ம ஊரு தண்ணில இருக்குறது குளோரமைன், குளோரினும் அம்மோனியாவும் சேந்தது, அது கூட தெரியாமயான்னு கடையில எல்லார் முன்னாடியும் கேட்டாரு. சரியா தான் கேட்டாரு, ஆனா மெதுவா கேட்டிருக்கலாம்.

போறவங்க தொட்டி அளவையும் போட்டோவையும் கைல வெச்சுக்கிட்டு போங்க, இல்லனா திருப்பி அனுப்பிடுவாரு. நாலு ஸ்டார், அந்த ஒண்ண ஷட்டருக்காக கழிச்சுக்கிட்டேன்.

ஆறு மாசமாச்சு, நாலு மீனும் இறாலும் நல்லா இருக்கு. போன வாரம் பையன் பரிட்சையில நல்லா செஞ்சான்னு அஞ்சாவதா ஒரு கார்டினல் மீனு கேட்டு கூட்டிட்டு போனேன், டேப்புல 8 தான் போட்டிருந்துச்சு. அங்கிள் தொட்டி பெருசாச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன். உறைஞ்ச இறால் தீனி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தோம்.