டெபியனா, உபுண்டுவா, மின்டா? மண்டபத்துக் கடை ஒன்றின் கணக்கு

விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் நாலு கம்ப்யூட்டரில் மூன்று, விண்டோஸ் 11 ஏறாத பழசு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, போட்டுகள் கரையிலேயே நின்ற ஒரு வாரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சரி என்று மூன்றிலும், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில் ஆளுக்கொரு வகை போட்டேன்: டெபியன் 13, உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22.

மூன்றும் ஒரே குடும்பம். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன்தான் மூத்தது. அதிலிருந்து 2004-இல் உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட். மூன்றுமே இலவசம் என்பதால் விலைப் பேச்சே இல்லை. எத்தனை வருடம் ஓடும், படுத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டெபியன் 13-க்கு முதல் மூன்று வருடம் அதன் பாதுகாப்புக் குழு, அடுத்த இரண்டு வருடம் நீண்டகால ஆதரவுக் குழு, ஆக 2030 வரை.

உபுண்டுவுக்குப் பின்னால் கனோனிக்கல் என்ற நிறுவனம் நிற்கிறது. அதன் உபுண்டு புரோ திட்டத்தில் பதிந்தால் 5 கம்ப்யூட்டர் வரை காசில்லாமல் பத்து வருடப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். போனில் ஆள் வந்து பேச வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். எனக்கு ஒத்துவராதது ஸ்னாப், அதாவது மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டித் தரும் கனோனிக்கலின் முறை. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப்பாகத்தான் வருகிறது, ஸ்னாப் நம்மைக் கேட்காமலே ஒரு நாளைக்கு நாலு தடவை அப்டேட் தேடும். மழைக்காலத்தில் கேபிள் இணையம் போனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கடை ஓட்டுகிறவனுக்கு அது தண்ட டேட்டா. நிறுத்தி வைக்கலாம்தான், ஆனால் அதையும் நாம்தான் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும்.

மின்டில் அந்தத் தொல்லை இல்லை, ஸ்னாப்பை முதலிலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் பழகிய கைக்கு மெனு உடனே பிடிபடும்.

டெபியன் முதல் நாளே என்னை விரட்டியது. நிறுவும்போது ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அப்புறம் நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளையைப் போட்டால், இந்தப் பெயர் அதற்கு அனுமதி உள்ளவர்களின் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்கிறது. ரூட் பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் முதல் பயனருக்கே சூடோ கிடைத்திருக்கும்! இதை ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் கேட்டபோது, முகம் தெரியாத யாரோ ஒருவர் சொல்லித் தந்தார். டெபியனின் ஆதரவு அப்படித்தான்: கம்பெனி கவுண்டர் கிடையாது. ரிப்போர்ட்பக் கட்டளையில் குறையை எழுதி அனுப்பினால் அதற்கு ஒரு எண் விழும், பதிலை யாரும் பார்க்கலாம். காசு கொடுத்து ஆள் வைக்க நினைப்பவர்களுக்கு ஆலோசகர் பட்டியலும் உண்டு. தமிழில் கேட்க காஞ்சிபுரம், விழுப்புரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறும் எனக்கு இதுதான் பெரிய தெம்பு.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: 32-பிட் பிராசசர் உள்ள பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் டெபியன் 13-ஐ நிறுவ முடியாது, 12-தான் கடைசி. அப்புறம், உப்புக்காற்றில் ரேமின் உலோகக் கால்கள் களிம்பேறி கம்ப்யூட்டர் பீப் அடித்தால் அது லினக்ஸின் குற்றமில்லை. கழற்றி, பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துப் போடுங்கள்.

கடையில் இப்போது மூன்றிலும் டெபியன். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அது அடிக்கடி மாறிக்கொண்டிருப்பதில்லை, எனக்கு அது போதும். நாலாவதில் விண்டோஸ் 11 அப்படியே இருக்கிறது, என் கைரேகைக் கருவியின் மென்பொருள் அதில்தான் ஓடும். ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை வந்து, "தம்பி, நமக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றார். அவருக்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டும் பிரிண்டருக்காக.